வண்டி படுக்கவில்லை, டிரைவர் படுத்தார்

புதிதாக டிப்போவில் சேர்ந்திருக்கும் தம்பிகள், தங்கைகள் படிப்பதற்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். முப்பத்து மூன்று வருஷம் கண்டக்டராக இருந்தவனிடம் நாலு வார்த்தை கேட்பதே ஜாஸ்தி. எங்கள் விசிலுக்குத் தெரிந்தது மொத்தம் இரண்டே வார்த்தை. ஒரு தடவை ஊதினால் நில், இரண்டு தடவை ஊதினால் போ. இந்த இரண்டையும் எப்போது சொல்வது என்று தெரிந்துகொள்ளத்தான் முப்பத்து மூன்று வருஷமும் ஆனது.

போன வாரம் டிப்போவுக்கு வந்திருந்தேன். புது ஓய்வறையைக் காட்டினார்கள். ஏசி, ஜன்னலுக்குத் திரைச்சீலை, உறை போட்ட தலையணை, கதவில் 'சத்தம் போடாதீர்' என்று போர்டு. நான் பார்த்த ஓய்வறையில் ஒரு பெஞ்சும் அதற்கு மூன்று காலும் இருந்தன. உங்களில் ஒருவர் கையில் கட்டியிருந்த வாட்ச்சை நீட்டி, "நேத்து தூக்கத்துக்கு எழுவத்தெட்டு மார்க்குண்ணே" என்றார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. எங்களுக்குத் தூங்கினால் மெமோ கொடுத்தார்கள். உங்களுக்கு மார்க் போடுகிறார்கள். ஒரு டாக்டரம்மா வேறு வந்து தூக்கத்தின் அருமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாராம். கேட்டவர்களில் பாதிப் பேர் பாடத்தை அங்கேயே செய்து காட்டியதாகக் கேள்வி.

கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பொறாமை. எங்கள் காலத்தில் தூங்காதவன்தான் ஆம்பளை. "மூணு நாளா கண்ண மூடல" என்று ஒருவர் சொன்னால், டீக்கடையில் எல்லாரும் நகர்ந்து அவருக்கு இடம் விடுவார்கள். தூக்கத்தை விரட்ட ஆளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். ஒருவர் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்வார். ஒருவர் ஸ்டியரிங் பக்கத்தில் பச்சை மிளகாய் வைத்திருந்து, கண் சொருகும்போதெல்லாம் ஒன்று கடிப்பார். அவருக்குக் கடைசி வரை தூக்கம் போகவில்லை, வயிறுதான் போனது.

நான் மட்டும் என்ன யோக்கியம்? சென்னையிலிருந்து வரும் வண்டியில் ஒரு தடவை இரண்டு டூட்டி சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உளுந்தூர்பேட்டையில் டீக்குப் பத்து நிமிஷம் நிறுத்தினோம். ஜனங்கள் இறங்கினார்கள். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். விசில் வாயில் இருந்தது. உட்கார்ந்ததுதான் தெரியும். தூக்கத்திலேயே, பழக்கதோஷம், இரண்டு விசில் ஊதியிருக்கிறேன். டிரைவர் பாவம், ரைட் கேட்டால் போகிறவர். எடுத்துவிட்டார்.

எலவனாசூர்கோட்டை பக்கத்தில் ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "எங்க வூட்டுக்காரர் எங்கங்க?" என்று கேட்டபோதுதான் விழித்தேன். வண்டியில் பாதி சீட் காலி. நாங்கள் விட்டுவிட்டு வந்தவர்களில் ஒருவர் லாரி பிடித்து எங்களை மடக்கினார். கையில் டீ கிளாஸ் அப்படியே இருந்தது. கிளாஸைத் தேடி டீக்கடைக்காரர் பைக்கில் பின்னாலேயே வந்தார்.

எனக்கு மெமோ வந்தது. குற்றம் ஒன்று, பணியின்போது உறங்கியமை. குற்றம் இரண்டு, உறக்கத்தின்போது பணி செய்தமை. இரண்டாவதற்கு எந்த விதியில் தண்டனை என்று ஹெட் கிளார்க் ஒரு வாரம் தேடினார். நான் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? விசிலை வாயில் வைக்காமல் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான். தூங்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, மெமோ கொடுத்தவருக்கும் தோன்றவில்லை.

அது தோன்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரமாகி, பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லாமல் போன புதிதில் நடந்தது அது.

என்னோடு மலை ரூட்டில் வந்த டிரைவர் அண்ணன் என்னைவிடப் பெரியவர். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் சண்டைக்கு வருவார். கல்வராயன்மலை வளைவு ஒவ்வொன்றும் அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. கூட்டமான வண்டியில் எப்படி நிற்பது, குடித்துவிட்டு ஏறுகிறவனிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு ஒரே ஒரு வியாதி. யார் கூப்பிட்டாலும் எந்த டூட்டிக்கும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாது. "தூக்கம் இன்னா தூக்கம், செத்தா தூங்கிக்கினே இருக்கப் போறோம்" என்பார்.

அப்போது அவர் ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் கரும்பு டிராக்டர் ஒன்றில் கண்ணாடியை உரசிவிட்டு ஒரு மெமோ வாங்கியிருந்தார். இன்னொன்று வந்தால் சஸ்பெண்ட் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். சஸ்பெண்ட் ஆனபடியே ரிட்டயர் ஆவது என்றால் என்ன என்று பழையவர்களைக் கேளுங்கள். பென்ஷன் காகிதம் எல்லாம் வருஷக்கணக்கில் நிற்கும்.

அந்த ஞாயிறு காலையில் அவர் சென்னை வண்டியைக் கொண்டுவந்து விட்டார். அதற்கு முந்தின நாளும் அவருக்கு டூட்டி. மத்தியானம் வெள்ளிமலைக்குப் போக வேண்டிய டிரைவர் முகூர்த்தத்துக்குப் போனவர் திரும்பவில்லை. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். முகம் கழுவிக்கொண்டிருந்த இவர், யாரும் கேட்பதற்கு முன்பே, "நான் போறேன் சார்" என்றார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்களிலும் இப்படி இரண்டு பேர் இருப்பீர்கள்.

ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். வண்டி நிறைய ஆள். சந்தையில் சாமான் வாங்கியவர்கள், கூடையில் சேவலோடு ஒரு மலைக்கார அம்மா, பெண் பார்க்கப் போகும் கூட்டம் ஒன்று. அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். பட்டுக்கரை வேட்டி, தோளில் புதுத் துண்டு. டிக்கெட் வாங்கும்போதே, நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பெண் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், வண்டி எத்தனை மணிக்குப் போகும் என்று மூன்று தடவை கேட்டார். மூணே முக்காலுக்குப் போய்விடும் என்று மூன்று தடவை சொன்னேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையும் தாண்டியது. முன்னால் மலை. திடீரென்று பிரேக். நின்றவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சேவல் கத்தியது. டிரைவர் அண்ணன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"இன்னாண்ணே?"

"எருமை தம்பி. நடு ரோட்ல நிக்கிறத பாரு. நவுர மாட்டேங்குது."

பார்த்தேன். ரோடு துடைத்து வைத்தது போல் இருந்தது. எருமையும் இல்லை, எருமைச் சாணியும் இல்லை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வெறும் காடு. அவர் இன்னொரு தடவை ஹாரன் அடித்தார். பிறகு, "ஆங், போயிடுச்சி" என்று கியரைப் போட்டார்.

மலை ஏறினால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். சமதரையில் இல்லாத எருமையைப் பார்க்கிறவர், அங்கே இல்லாத ரோட்டைப் பார்த்தால் என்ன செய்வது? அறுபது பேர் உள்ளே இருக்கிறார்கள். கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஒரே ஒரு தடவை ஊதினேன். டிரைவர் காலில்தான் வண்டி நகர்கிறது. ஆனால் கண்டக்டர் ரைட் கொடுக்காமல் நகரக் கூடாது என்பது விதி. அந்த விதி எதற்கு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"ஓரம் கட்டுங்கண்ணே. கொஞ்சம் தூங்கிட்டுப் போலாம்."

"மலை ஏறனா தெளிஞ்சிடும் தம்பி. நீ ரைட் குடு."

"நான் ரைட் குடுக்கலண்ணே."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண் இரண்டும் செங்கல் நிறத்தில் இருந்தது. அப்புறம் மெதுவாக, "எவ்ளோ நேரம்?" என்று கேட்டார்.

"எருமை போற வரைக்கும்" என்றேன்.

வண்டியை ஓரம் கட்டினார். இனி ஜனங்களிடம் என்ன சொல்வது? டயர் பஞ்சர், இஞ்சின் சூடு என்று எதையாவது அவிழ்த்து விடலாம். ஆனால் அவர் கண்ணெதிரில் படுக்கப் போகிறாரே. உள்ளதையே சொன்னேன். டிரைவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, இனிமேல் மலை, அரை மணி நேரம் தூங்கி எழுந்தால் எல்லாரும் பத்திரமாக ஊர் போகலாம் என்றேன். இப்போது கத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். கத்தினார்கள்தான். ஆனால் அவர் தூங்குவதற்காக இல்லை, அவர் துண்டை விரித்த இடத்துக்காக. அது புளியமரம். "புளியமரத்தடில பகல்ல படுத்தா பேய் அமுக்கும், அந்தாண்ட கூப்டுங்க அவர" என்று ஏழெட்டுப் பேர் இறங்கியே விட்டார்கள். பாதித் தூக்கத்தில் இருந்த மனிதரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இருபதடி தள்ளி ஒரு புங்கமரத்தடியில் படுக்க வைத்தார்கள். தலை தரையைத் தொட்டது, குறட்டை வந்தது.

தாய்மாமன் மட்டும் வாட்ச்சைத் தட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"நாலரைக்கு ராவுகாலம் கண்டக்டர். மொத மொதல்ல ராவுகாலத்துல போய் நின்னா பொண்ணு குடுப்பாங்களா? எழுப்புய்யா."

நான் பதில் தேடுவதற்குள் சேவல்காரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ராவுகாலத்துல போனா பொண்ணு கெடைக்காது. தூங்கி வழியறவரு ஓட்டுனா மாப்ள கெடைக்க மாட்டாரு. எது ஒனக்கு வசதின்னு பாத்துக்க."

தாய்மாமன் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை சீட்டில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தாய்மாமன் விறுவிறுவென்று மரத்தடிக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் டிப்போ கண்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தேன். அங்கே டவர் வரும், போகும். "படுத்துட்டாரு சார், மலையடிவாரத்துல" என்றேன். அந்தப் பக்கம், "படுத்துடுச்சா? எங்க?" என்று கேட்டது. "கோமுகி தாண்டி" என்றேன். லைன் கட். புதியவர்களுக்காகச் சொல்கிறேன், நம் பாஷையில் வண்டி படுத்துவிட்டது என்றால் பிரேக்டவுன். டிரைவர் படுத்தார் என்ற ஒரு பாஷையே அன்று வரை டிப்போவில் கிடையாது. கண்ட்ரோலில் இருந்தவர் தனக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் நான் பார்த்தது என் சர்வீஸிலேயே பார்க்காதது. அறுபது பேர் ஒரு மனிதனின் தூக்கத்துக்குக் காவல் இருந்தார்கள். சேவல் கழுத்தைத் தூக்கும்போதெல்லாம் அந்த அம்மா அதன் தலையில் முந்தானையைப் போட்டு இருட்டாக்கினார். ஒருவர் போன் அடித்தது. பக்கத்தில் இருந்தவர் அதைப் பிடுங்கி அரிசி மூட்டைக்கு அடியில் திணித்தார். மணியடித்துக்கொண்டு வந்த குல்பி ஐஸ்காரரை இரண்டு பேர் ஓடிப்போய் மடக்கி, மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டே அந்த இடத்தைக் கடத்தி விட்டார்கள். சத்தம் போடாமல் விற்றதில் அவருக்கு நஷ்டமும் இல்லை, எல்லாரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். எல்லாரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். அறுபது பேர் சேர்ந்து குசுகுசுத்தால் அது ஒரு சத்தம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது. திரும்பிப் பார்த்தால் பாதி வண்டி தூங்கிக்கொண்டிருந்தது.

நாற்பது நிமிஷம் கழித்து டிரைவர் அண்ணன் தானாக எழுந்தார். முகம் கழுவினார். ரோட்டின் நடுவில் போய் நின்று மேலும் கீழும் பார்த்தார். "வா தம்பி" என்றார். நான் இரண்டு விசில் ஊதினேன். வெள்ளிமலையில் வண்டி நின்றபோது மணி நாலு நாற்பது. ராகு காலம் பத்து நிமிஷம் முந்திக்கொண்டது. தாய்மாமன் என்னைப் பார்த்த பார்வையில் என் பரம்பரையே கருகியிருக்கும். ஆறு மணி வரை பெண் வீட்டுத் தெருவுக்குள் நுழையக் கூடாது என்று கூட்டத்தை ஸ்டாப்பிலேயே உட்கார வைத்தார்.

நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டிப்போவிலிருந்து பிரேக்டவுன் பார்க்கும் வண்டி மூச்சிரைக்க மேலே வந்தது. மெக்கானிக் குதித்து இறங்கினார். எங்கள் வண்டியைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறவர். எங்கே படுத்தது, என்ன ஆனது என்று பானெட்டைத் திறக்கப் போனார். வண்டி படுக்கவில்லை, டிரைவர்தான் படுத்தார் என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "நல்ல வேளை" என்றார். டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து டிப்போவுக்கு ஒரு மனு வந்தது. அனுப்பியவர் அந்தத் தாய்மாமன். பொருள்: 'பயணிகள் பேருந்தை நிறுத்தி ஓட்டுநர் மரத்தடியில் படுத்து உறங்கியது தொடர்பாக'. தேதி, நேரம், வண்டி நம்பர் எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது. மேனேஜர் ரெஜிஸ்டரைப் புரட்டினார். அதில் 'வண்டி படுத்தது, கோமுகி அருகில், நாற்பது நிமிடம்' என்று இருந்தது. ஒரே நாற்பது நிமிஷத்தில் இரண்டு பேர் படுத்திருக்க முடியாது. எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். என்னை, டிரைவர் அண்ணனை, மெக்கானிக்கை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். ரெஜிஸ்டரில் இருப்பதே இருக்கட்டும். ரேடியேட்டர் சூடாகி வண்டி நின்றது, அந்த நேரத்தில் டிரைவர் நிழலில் ஒதுங்கினார் என்று கண்டக்டர் எழுதிக் கொடுத்தால் போதும், ஃபைலை மூடிவிடலாம் என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

மெக்கானிக் விடவில்லை. "என் வண்டி ரேடியேட்டர் சூடாவாது சார். காலைல நான் பாத்து கையெழுத்து போட்டிருக்கறேன். படுக்காத வண்டிய படுத்துச்சின்னு எழுதனா நாளைக்கு எனக்கு மெமோ வரும்" என்றார். டிரைவர் அண்ணன் அதற்கு மேல். எனக்குத்தான் தூக்கம் வந்தது, நான்தான் படுத்தேன், வண்டி மேல் பழி போடாதீர்கள், கண்டக்டரையும் இழுக்காதீர்கள் என்றார். ஓய்வு எடுத்ததற்காக ஒரு மனிதர் ஓய்வு பெற முடியாமல் போகப் போகிறாரே என்று நினைத்தேன். பயமாகவும் இருந்தது. நான் ஏற்கெனவே தூங்கி மெமோ வாங்கினவன். இது தெரிந்தால் என்னையும் சேர்த்துத்தான் கிழிப்பார்கள்.

தம்பிகளே, பொய் எழுதுவதா உண்மையை எழுதுவதா என்பது பெரிய கேள்வியே இல்லை. யாரைக் காட்டிக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. பொய் எழுதினால் மெக்கானிக் மாட்டுவார். உண்மையில் பாதி எழுதினால் டிரைவர் மாட்டுவார். முழுசாக எழுதினால் நான் மாட்டுவேன். யோசித்துப் பார்த்தேன். வண்டி நின்றது என் ஒரு விசிலில். அது நகராமல் இருந்தது நான் ஊதாத இரண்டு விசிலில். இப்படி எழுதினேன்: 'வண்டி படுக்கவில்லை. ஓட்டுநர் படுத்தார். படுக்கச் சொன்னவன் நான். நாற்பது நிமிடம் ரைட் கொடுக்காதவனும் நான். அன்று அவர் அந்த நிலையில் மலை ஏறியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.'

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தானா வந்து மாட்டிக்கிறியேய்யா" என்றார். டிரைவர் அண்ணன் அவர் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தார். மேனேஜர் அதை மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு, விசாரணைக்கு வரச் சொல்லி வெளியே உட்கார வைத்திருந்த மனுதாரரைக் கூப்பிடச் சொன்னார்.

தாய்மாமன் வந்தார். அதே பட்டுக்கரை வேட்டி.

மேனேஜர் டிரைவர் அண்ணனைக் காட்டி, இவர்தானே தூங்கியது என்று கேட்டார். இவரேதான் என்றார். எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"நாப்பது நிமிசம் சார். அதுவே கம்மி. எறும்பு கடிச்சி எழுந்துட்டாரு, இல்லன்னா இன்னும் தூங்கியிருப்பாரு. நானும் எவ்ளோதான் எறும்ப தட்டிக்கினே நிப்பேன்? தலைக்குக்கூட ஒண்ணும் இல்ல, கல்லு மேல வெச்சிக்கினு இருந்தாரு. பொண்ணு பாக்கன்னு வாங்கன துண்டு, அததான் மடிச்சி வெச்சேன்."

நான் அவர் மரத்தடியில் முறைத்துக்கொண்டு நிற்கிறார் என்றே அன்று முழுக்க நினைத்திருந்தேன்.

"அப்ப உங்க புகார் இன்னா?" என்றார் மேனேஜர்.

"மனுவ முழுசா படிச்சீங்களா சார்?"

யாரும் படிக்கவில்லை. நம் ஆபீஸில் மனு வந்தால் 'பொருள்' என்ற வரியைப் படித்துவிட்டு நடவடிக்கையில் இறங்கிவிடுவோம். மனு எழுதுகிறவரோ விஷயத்தை 'ஆகவே' என்ற வார்த்தைக்கு அப்புறம்தான் வைத்திருப்பார். தாய்மாமனின் 'ஆகவே' இரண்டாவது பக்கத்தில், பின் குத்தி அடியில் இருந்தது. மேனேஜர் வாய்விட்டுப் படித்தார். 'ஆகவே, ஐயா அவர்கள் தயவுகூர்ந்து மேற்படி இடத்தில் ஓட்டுநர்கள் படுப்பதற்கு ஒரு கட்டிலும், எறும்பு ஏறாதபடி ஒரு மேடையும் அமைத்துத் தருமாறும், அவர்கள் உறங்கும் நேரத்தை முன்கூட்டியே பலகையில் எழுதிப் போட்டு, பயணிகள் ராகு காலத்தில் சிக்காமல் காப்பாற்றுமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

முதலில் சிரித்தவர் மெக்கானிக். அப்புறம் மேனேஜர். பெண் அமைந்ததா என்று நான் கேட்டேன். ஆறு மணிக்கு மேல் போனார்களாம். வழியெல்லாம் தூங்கியதில் மாப்பிள்ளை முகம் பளிச்சென்று இருந்ததாம், பெண்ணுக்குப் பார்த்தவுடன் பிடித்துப் போனதாம். டிரைவர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

மேனேஜர் ரெஜிஸ்டரைத் திறந்தார். 'வண்டி படுத்தது' என்பதை அடித்தார். என்ன எழுதுவது என்று சற்று நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். தாமதத்துக்கான காரணங்கள் என்று ஒரு பட்டியலே உண்டு. பஞ்சர், மரம் விழுந்தது, மறியல், வெள்ளம் எல்லாம் அதில் இருக்கும், இது இருக்காது. கடைசியில் 'ஓட்டுநர் ஓய்வு, நாற்பது நிமிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் டிப்போ ரெஜிஸ்டரில் அந்த வரி வந்தது அதுதான் முதல் தடவை. நீங்கள் ஏசியில் தூங்குவதற்கு எங்கோ ஒரு பெரிய உத்தரவு காரணமாக இருக்கலாம். எனக்குத் தெரிந்த காரணம் அந்த ஒரு வரி.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான். தூக்கம் வந்தால் வருகிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்லாவிட்டால் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு வாட்ச் தேவையில்லை.

வெளியே வந்ததும் டிரைவர் அண்ணன் திரும்ப உள்ளே போய், அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்று மேனேஜரிடம் கேட்டார். எதற்கு என்று நான் கேட்டேன்.

"வூட்ல காட்டணும் தம்பி. தூங்காம ஓட்டனதுக்கு மெடல் குடுத்தாங்க, அத மாட்டி வெச்சிருக்கறாங்க. பகல்ல நான் படுத்தா, ஒடம்பு செரியில்லன்னு பயந்துபோய் எல்லாரும் வந்து நிப்பாங்க. எனக்கே ஒரு மாதிரியா இருக்கும், எழுந்து ஒக்காந்துப்பேன். இப்ப இத காட்டிட்டுப் படுப்பேன்."

மேனேஜர் சரி என்றார். பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் இரண்டு காப்பி எடுத்தார். அன்று அவருக்கு டூட்டி இல்லை. பதினோரு மணி வண்டியில் ஊருக்குப் போனார்.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் போன் அடித்தது. அவருடைய சம்சாரம்.

"தம்பி, வந்தாரு, ஒரு காயிதத்த கையில குடுத்துட்டுப் போய் படுத்தாரு. சோறுகூட துன்னல. இன்னும் எழுந்திரிக்கல. எழுப்பட்டுமா?"

ஒன்றும் பயமில்லை, பசித்தால் அவரே எழுந்திருப்பார், எழுப்பாதீர்கள் அண்ணி என்றேன். சரி என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. முப்பது வருஷமாக விடிகாலை முதல் வண்டிக்கு அவர் கிளம்பினார் என்றால், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இந்த அம்மா எழுந்து வெந்நீர் வைத்திருக்க வேண்டும். அது எனக்கு அந்த நிமிஷம் வரை தோன்றியதே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அப்ப நானும் கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

படுங்கள் அண்ணி என்றேன். அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தார்.